சின்க்ளேரின் 190 கோலில் எத்தனை கோல் சும்மா வந்தது?

பின்னால் வந்து படிப்பவர்களுக்காகக் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கனடாவின் கிறிஸ்டின் சின்க்ளேர் சர்வதேசக் கால்பந்தில் 190 கோல் அடித்திருக்கிறார், ஆணோ பெண்ணோ வேறு யாரும் அந்த எண்ணைத் தொட்டதில்லை என்று ஒரு வீடியோவில் பார்த்திருக்கிறீர்கள். குட்டிக் குட்டி நாடுகளைப் பத்து, பதினொன்று என்று அடித்துச் சேர்த்த கணக்குதானே இது, இதைப் போய் ரொனால்டோவோடு ஒப்பிடலாமா என்பது உங்கள் சந்தேகம். கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள்: அண்ணன் மகள் ஒன்பதாவது படிக்கிறாள், பள்ளி அணியில் ஸ்ட்ரைக்கர் (கோல் அடிப்பதற்கென்றே முன்னால் ஆடுபவள்), இதையே தொழிலாக எடுத்துக்கொண்டு ஒரு பெண்ணால் வாழ முடியுமா? நீங்கள் உண்மையில் கேட்க வந்தது அந்தக் கடைசி வரியைத்தான் என்று நினைக்கிறேன். ஆனாலும் முதல் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்லாமல் இரண்டாவதற்குப் போக முடியாது, இரண்டும் ஒரே ஆளின் கதையில்தான் இருக்கின்றன. நான் பல வருடமாகப் பெண்கள் அணிகளுக்குக் கோச், அதிலும் பெரும்பாலும் முன்களத்தில் ஆடுகிற பிள்ளைகளோடுதான் என் பொழுது போகிறது. டாக்டர் இல்லை, புள்ளிவிவர நிபுணரும் இல்லை, அதை மனதில் வைத்துப் படியுங்கள்.

உறுதியானதை முதலில் வைத்துவிடலாம். சின்க்ளேர் 2000-இல், 16 வயதில், போர்ச்சுகலில் நடக்கும் அல்கார்வ் கோப்பையில் கனடாவுக்காக ஆடத் தொடங்கினார். 2023 டிசம்பர் 5 அன்று வான்கூவரில் தேசிய அணியிலிருந்து விடைபெற்றார். இடையில் 331 ஆட்டங்கள், 190 கோல்கள். இதில் சர்ச்சை எதுவும் இல்லை, எல்லாமே அதிகாரபூர்வ சர்வதேச ஆட்டங்கள், நட்பு ஆட்டங்களையும் சேர்த்து. இதற்கு முந்தைய சாதனை அமெரிக்காவின் அபி வாம்பாக் வைத்திருந்த 184. ரொனால்டோ 140-ஐத் தாண்டியிருக்கிறார், அவ்வளவுதான்.

ஆனால் வகுத்துப் பார்த்தால் கதை மாறும். சின்க்ளேருக்கு ஏழு ஆட்டத்துக்கு நான்கு கோல் என்று வருகிறது. வாம்பாக்குக்கு ஏழு ஆட்டத்துக்கு ஐந்து. ரொனால்டோகூட இந்த விகிதத்தில் சின்க்ளேரைவிடக் கொஞ்சம் முன்னால்தான் நிற்கிறார். அதனால் "உலகத்திலேயே மிக வேகமாகக் கோல் அடித்தவர்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அவர் மிக அதிகமாக அடித்தவர், அதுவும் மிக நீண்ட காலம் அடித்தவர். இந்த "நீண்ட காலம்" என்பதைப் பற்றித்தான் நான் அப்புறம் நிறையப் பேசப் போகிறேன்.

சரி, குட்டி நாடுகள். உங்கள் சந்தேகத்துக்கு நானே ஆதாரம் எடுத்துக் கொடுக்கிறேன். வாம்பாக்கின் சாதனையை சின்க்ளேர் முறியடித்தது 2020 ஜனவரி 29 அன்று, டெக்சாஸில் நடந்த ஒலிம்பிக் தகுதிச் சுற்றில். எதிரணி செயின்ட் கிட்ஸ் அண்ட் நெவிஸ். முடிவு 11–0. அதில் சின்க்ளேர் இரண்டு கோல் அடித்தார், முதலாவது பெனால்டி. ஒரு உலக சாதனை இப்படி ஒரு ஆட்டத்திலா விழ வேண்டும் என்று தோன்றும், எனக்கும் தோன்றியது. வட, மத்திய அமெரிக்க, கரீபியன் மண்டலத்தில் அமெரிக்கா, கனடா, மெக்சிகோ மாதிரி நாலைந்து அணிகளை விட்டால் மற்றவர்களுக்கு அந்தக் காலத்தில் ஒழுங்கான பயிற்சி முகாம்கூடக் கிடையாது. அப்புறம் உலகக் கோப்பைகளில் மட்டும் அவர் அடித்தது மொத்தம் 10 கோல். 190-இல் 10. இதை மறைத்துவிட்டு அவரைப் புகழ்வதில் அர்த்தமில்லை.

அதே அளவுகோலை ஆண்களுக்கும் வையுங்கள் என்றுதான் என் கோரிக்கை. ரொனால்டோவின் கணக்கில் லக்சம்பர்க் அணிக்கு எதிராக மட்டும் 11 கோல் இருக்கிறது. தகுதிச் சுற்று என்றாலே அப்படித்தான், பலமானவன் பலவீனமானவனை அடித்துத்தான் மேலே போகிறான். ஆனால் அந்தக் காலத்துப் பெண்கள் கால்பந்தில் பலமான அணிக்கும் பலவீனமான அணிக்கும் இருந்த இடைவெளி ஆண்கள் கால்பந்தைவிடப் பெரியது, அதனால் 190-ஐயும் 140-ஐயும் ஒரே தராசில் வைத்து "இவர் பெரியவர், அவர் சின்னவர்" என்று சொல்ல வழியே இல்லை. இந்த ஒப்பீட்டுக்கு உறுதியான விடை கிடையாது. யாராவது ஒரு ஃபார்முலா போட்டுச் சொன்னால் அது அவர் விருப்பம், அவ்வளவுதான். வாம்பாக்கோடு ஒப்பிடுவது ஓரளவு நியாயம், அதே மண்டலம், அதே காலம். ஒரே ஒரு வித்தியாசம்: வாம்பாக்கைச் சுற்றி இருந்தது உலகத்தின் ஆகச் சிறந்த அணி, பந்து ஒழுங்காக வந்துகொண்டே இருக்கும். சின்க்ளேர் பல வருடம் கனடாவின் முன்களத்தில் கிட்டத்தட்டத் தனி ஆள்.

பெரிய அணிகளுக்கு எதிராக அவர் என்ன செய்தார்? இரண்டு ஆட்டம் சொல்கிறேன். 2011 உலகக் கோப்பையின் தொடக்க நாள், பெர்லின், எழுபதாயிரத்துக்கு மேல் கூட்டம், எதிரே ஜெர்மனி. அந்த ஜெர்மனி 2007 உலகக் கோப்பையை ஒரு கோல்கூட வாங்காமல் வென்ற அணி. இரண்டாவது பாதியில் ஒரு முழங்கை பட்டு சின்க்ளேரின் மூக்கு உடைந்தது. வெளியே போய்ப் பார்த்துக்கொண்டு திரும்பி வந்தார், 82-ஆவது நிமிடத்தில் ஒரு ஃப்ரீ கிக்கை நேராக வலைக்குள் வளைத்துவிட்டார். கனடா 2–1 எனத் தோற்றது, அந்தத் தொடரில் கடைசி இடத்துக்கும் போனது, அது வேறு விஷயம்.

இன்னொன்று 2012 லண்டன் ஒலிம்பிக் அரையிறுதி, ஓல்ட் டிராஃபோர்ட், எதிரணி அமெரிக்கா. நேரம் கிடைத்தால் முழு ஆட்டத்தையும் தேடிப் பாருங்கள், என்னிடம் வரும் ஸ்ட்ரைக்கர்கள் எல்லோருக்கும் நான் இதைத்தான் போட்டுக் காட்டுகிறேன். 22, 67, 73-ஆவது நிமிடங்களில் சின்க்ளேர் மூன்று கோல், ஒவ்வொரு முறையும் கனடா முன்னிலைக்குப் போகிறது, ஒவ்வொரு முறையும் அமெரிக்கா திரும்பி வருகிறது. அமெரிக்காவின் மேகன் ரபினோ கார்னரிலிருந்து அடித்த பந்து யார் காலும் படாமல் நேராக உள்ளே போனதும் இந்த ஆட்டத்தில்தான். 80-ஆவது நிமிடத்தில் சமன் செய்த கோல் வந்த விதம் இன்றைக்கும் கனடாக்காரர்களுக்கு ஆறாத புண்: கோல்கீப்பர் எரின் மெக்லியோட் பந்தை ஆறு வினாடிக்கு மேல் கையில் வைத்திருந்தார் என்று நடுவர் மறைமுக ஃப்ரீ கிக் கொடுத்தார், அந்தக் காலத்தில் பொதுவாக யாரும் விசில் ஊதாத ஒரு விதி அது, அந்தக் கிக் ஒரு கனடா ஆட்டக்காரர் கையில் பட்டதும் பெனால்டி. கூடுதல் நேரத்தின் 123-ஆவது நிமிடத்தில் அலெக்ஸ் மோர்கன் தலையால் முட்டி 4–3. ஆட்டம் முடிந்ததும் நடுவர் முன்பே முடிவு செய்துவிட்டு வந்தார் என்கிற மாதிரி சின்க்ளேர் பேச, ஃபிஃபா அவருக்கு நான்கு ஆட்டத் தடை விதித்தது. அந்த ஒலிம்பிக்கில் அதிக கோல் அடித்தவர் அவர்தான், 6 கோல், கழுத்தில் வெண்கலம். ஆனால் அந்த வருடத்தின் சிறந்த வீராங்கனைக்கான ஃபிஃபா விருதின் கடைசி மூன்று பெயர்களில் அவர் இல்லை. வாம்பாக், மார்த்தா, மோர்கன் மூவரும்தான் இருந்தார்கள். எனக்கு இது இன்னமும் புரியாத கணக்கு.

அந்த மூன்று கோலில் முதலாவது காலால், மற்ற இரண்டும் தலையால். பிள்ளைகளுக்கு நான் காட்டுவது பந்து வலைக்குள் போவதை இல்லை, அதற்கு இரண்டு மூன்று வினாடி முன்னால் அவர் எங்கே நிற்கிறார் என்பதைத்தான். பந்து ஓரத்தில் இருக்கும்போது சென்டர் பேக், அதாவது எதிரணியின் நடுத் தடுப்பு ஆட்டக்காரி, பந்தையும் பார்க்க வேண்டும், தான் மார்க் செய்யும், அதாவது ஒட்டி நின்று தடுக்கும் ஆளையும் பார்க்க வேண்டும். இரண்டையும் ஒரே பார்வையில் வைக்க முடியாத இடம் ஒன்று இருக்கிறது, அவள் தோளுக்குப் பின்னால், கையை நீட்டினால் எட்டாத தூரத்தில். நல்ல ஸ்ட்ரைக்கர் அங்கே போய் நிற்பாள், சும்மா நடந்துகூடப் போவாள். கிராஸ் (ஓரத்திலிருந்து கோல் முன்னால் அனுப்பும் பந்து) அடிக்கப் போகிறவள் கடைசியாகத் தலையைக் குனிந்து பந்தைப் பார்க்கும் நேரம்தான் ஓட வேண்டிய நேரம், ஏனென்றால் அப்போது சென்டர் பேக்கும் பந்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள். முன்னே வெட்டுவதா, தூரத்தில் இருக்கும் பின் கோல் கம்பத்துக்குப் போவதா என்பது அந்தக் கணத்து முடிவு. சின்க்ளேர் பெரிய ஓட்டக்காரி இல்லை. அவரைவிட வேகமான ஸ்ட்ரைக்கர்கள் அந்தக் காலத்திலேயே நிறையப் பேர். ஆனால் இரண்டு காலும் ஒரே மாதிரி வேலை செய்யும், அதனால் டிஃபென்டர் எந்தப் பக்கம் தள்ளினாலும் அவருக்குக் கவலையில்லை. வேகத்தை நம்பி ஆடுகிறவர்களுக்கு முப்பது வயதுக்கு மேல் காலம் கஷ்டம். இவர் நாற்பது வயது வரை ஆடியதற்கு நான் முதலில் சொல்லும் காரணம் இதுதான், இது என் கருத்து, ஆய்வு முடிவு இல்லை.

இனி தொழில் விஷயம். இதில் எண்கள் இன்னும் பேசும். அவர் அமெரிக்காவில் போர்ட்லேண்ட் பல்கலைக்கழகத்தில் ஸ்காலர்ஷிப்பில் படித்தார். 1972-இல் வந்த ஒரு சட்டத்தால் அமெரிக்கக் கல்லூரிகள் பெண்கள் விளையாட்டுக்கும் இடம் கொடுத்தே ஆக வேண்டியிருந்தது, அந்த ஒரு சட்டம்தான் இரண்டு தலைமுறைப் பெண் கால்பந்தாட்டக்காரர்களை உருவாக்கியது என்றால் மிகையில்லை. கல்லூரி அணி 2002-இலும் 2005-இலும் தேசிய சாம்பியன், 2005-இல் மட்டும் அவர் 39 கோல். கல்லூரிக் கால்பந்தின் சிறந்த ஆட்டக்காரருக்கான ஹெர்மன் விருது அடுத்தடுத்து இரண்டு வருடம். இத்தனையும் முடித்து 22 வயதில் வெளியே வந்தால், வேலைக்குப் போக லீக் இல்லை! அமெரிக்காவின் முதல் தொழில்முறைப் பெண்கள் லீக் 2001-இல் தொடங்கி 2003 செப்டம்பரில், உலகக் கோப்பை ஆரம்பிக்கச் சில நாள் இருக்கும்போது, பணமில்லாமல் மூடப்பட்டிருந்தது. ஒரு ஸ்ட்ரைக்கரின் கால் நன்றாக ஓடும் வயது 22 முதல் 26. அந்த வருடங்களை அவர் தேசிய அணி, கோடைக்கால அரைத்தொழில் லீக்கில் வான்கூவர் அணி என்று ஓட்டினார்.

2009-இல் இரண்டாவது லீக் வந்தது. சான் பிரான்சிஸ்கோ பக்கத்து அணியான எஃப்சி கோல்ட் பிரைடில் சேர்ந்தார். முதல் வருடம் கடைசி இடம், இரண்டாவது வருடம் சாம்பியன். கோப்பையைத் தூக்கிய சில வாரங்களில் கிளப்பையே மூடிவிட்டார்கள். அடுத்த வருடம் வெஸ்டர்ன் நியூயார்க் ஃபிளாஷ், இறுதிப் போட்டியில் இவரும் ஒரு கோல், பெனால்டியில் வெற்றி, மறுபடியும் சாம்பியன். 2012 ஜனவரியில் லீக்கே அந்த சீசனை ரத்து செய்து, பிறகு கடையைக் கட்டியது. நான் மேலே சொன்ன ஓல்ட் டிராஃபோர்ட் ஆட்டம் இருக்கிறதே, அதை ஆடியபோது அவருக்கு லீக் ஆட்டம் ஒன்றும் இல்லை. தேசிய அணியின் பயிற்சி முகாம்தான் அவருடைய அலுவலகம்.

இது அவர் ஒருவரின் துரதிர்ஷ்டம் என்று நினைத்துவிடாதீர்கள். அதே கோல்ட் பிரைடிலும் அதே ஃபிளாஷிலும் ஆடியவர் பிரேசிலின் மார்த்தா, ஆறு முறை உலகின் சிறந்த வீராங்கனை. 2009-இல் அவர் ஆடிய லாஸ் ஏஞ்சலஸ் சோல் அந்த வருடப் புள்ளிப் பட்டியலில் முதலிடம், மறு ஜனவரியில் இழுத்து மூடப்பட்டது. பிறகு ஸ்வீடனின் டைரெசோ அணிக்குப் போனார், 2014 ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டியில் இரண்டு கோல் அடித்தும் 4–3 எனத் தோற்றார், அதற்கு அடுத்த மாதமே அந்தக் கிளப் பணமில்லாமல் லீக்கிலிருந்து விலகியது. உலகத்தின் முதல் இடத்தில் இருக்கிற ஆட்டக்காரிக்கே இதுதான் நிலைமை என்றால் பத்தாவது இடத்தில் இருப்பவளுக்கு என்ன என்று யோசியுங்கள்.

பெண்கள் கால்பந்தில் சர்வதேச கோல் கணக்கு ஏன் இவ்வளவு பெரிதாக வந்தது என்பதற்கு இதில் ஒரு காரணம் இருக்கிறது, வீடியோக்களில் யாரும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். ஆண்களுக்குக் கிளப்தான் வேலை, தேசிய அணி இடையில் வந்து போகும். அந்தத் தலைமுறைப் பெண்களுக்கு இது தலைகீழ். நிரந்தரமாக இருந்தது தேசிய அணி மட்டும்தான், கிளப்புகள் வரும், போகும். அதனால் ஒரு ஸ்ட்ரைக்கரின் உழைப்பில் பெரும் பகுதி நாட்டுக் கணக்கில் போய் விழுந்தது.

2013-இல் வந்த மூன்றாவது லீக் நின்றது. இந்த முறை அமெரிக்க, கனடிய, மெக்சிகோ கால்பந்துச் சங்கங்கள் தங்கள் தேசிய ஆட்டக்காரர்களின் சம்பளத்தைத் தாங்களே கட்டின. லீக் பிழைத்ததற்கு அது முக்கியமான காரணம். சின்க்ளேர் போர்ட்லேண்ட் தோர்ன்ஸ் அணிக்கு வந்தார், 2024-இல் ஓய்வு பெறும் வரை அங்கேயே இருந்தார், 2013, 2017, 2022 என்று மூன்று சாம்பியன் பட்டம். கேட்க நன்றாக இருக்கிறது இல்லையா? அதே 2013-இல் சங்கத்தின் சம்பளம் கிடைக்காத சாதாரண ஆட்டக்காரிக்குக் குறைந்தபட்சச் சம்பளம் ஒரு சீசனுக்கு 6,000 டாலர், அதிகபட்சம் 30,000. அமெரிக்காவில் அந்த 6,000 டாலரில் வீட்டு வாடகையே கட்ட முடியாது. பல பேர் உள்ளூர் ரசிகர்கள் வீட்டில் ஒரு அறையில் தங்கிக்கொண்டு, பகுதிநேர வேலையும் பார்த்துக்கொண்டுதான் ஆடினார்கள்.

சங்கம் சம்பளம் கொடுத்தவர்களுக்காவது நிம்மதி இருந்ததா என்றால் அதுவும் இல்லை. கனடா பெண்கள் அணி 2021 டோக்கியோ ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கியது. 2023 பிப்ரவரியில் அதே அணி, செலவுக் குறைப்பையும் சம்பளத்தையும் எதிர்த்து வேலைநிறுத்தம் அறிவித்தது, சங்கம் வழக்குப் போடுவோம் என்றதும் திரும்பி வந்து ஊதாச் சட்டை போட்டு எதிர்ப்புக் காட்டிவிட்டு ஆடினார்கள். அடுத்த மாதம் கனடா நாடாளுமன்றக் குழு முன்னால் சின்க்ளேரும் அவருடைய தோழிகளும் போய் உட்கார்ந்து, 2022-இல் ஆடியதற்கு இன்னும் பணம் வரவில்லை என்று சொன்னார்கள். 190 கோல் அடித்தவர், ஒலிம்பிக் தங்கம் வாங்கிய கேப்டன், 39 வயதில் சம்பளப் பாக்கி கேட்டு நிற்கிறார். உங்கள் அண்ணனிடம் இந்தக் கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

டோக்கியோ என்றதும் ஒரு விஷயம். அந்தத் தொடரில் சின்க்ளேர் அடித்தது ஒரே ஒரு கோல், ஜப்பானுக்கு எதிராக. அதற்குள் அவர் ஸ்ட்ரைக்கர் இடத்திலிருந்து கொஞ்சம் பின்னால் இறங்கி, பத்தாம் எண் ஆட்டக்காரராக, பந்தை வாங்கித் திருப்பிக் கொடுப்பவராக மாறியிருந்தார். அரையிறுதியில் அமெரிக்காவுக்கு எதிராகப் பெனால்டி கிடைத்தபோது பந்தை எடுத்து ஜெஸ்ஸி ஃபிளெமிங்கிடம் கொடுத்தார், அதுவே வெற்றிக் கோல். இறுதிப் போட்டியில் ஸ்வீடன் டிஃபென்டர் சின்க்ளேரை வீழ்த்தியதால் கிடைத்த பெனால்டியையும் ஃபிளெமிங்தான் அடித்தார். 86-ஆவது நிமிடத்தில் சின்க்ளேரை வெளியே எடுத்தார்கள், தங்கத்தை முடிவு செய்த பெனால்டி ஷூட்அவுட்டை அவர் ஓரத்தில் நின்றுதான் பார்த்தார். கோல் எண்ணிக்கையை வைத்து மட்டும் ஒரு முன்கள வீராங்கனையை அளக்கிறவர்களுக்கு இந்தக் கடைசி ஏழெட்டு வருடம் சரிவு மாதிரி தெரியும். கோச்சாக எனக்கு அப்படித் தெரியவில்லை. முப்பது வயதுக்கு மேல் பெனால்டி பாக்ஸில் வேலை குறையும்போது பின்னால் இறங்கி ஆடக் கற்றுக்கொள்கிறவள் இன்னும் சில வருடம் கூடுதலாக ஆடுவாள், முடியாதவள் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். 2023 உலகக் கோப்பையில் நைஜீரியாவுக்கு எதிராக அவர் அடித்த பெனால்டியை கோல்கீப்பர் நடோசி தடுத்துவிட்டார். போயிருந்தால் ஆறு உலகக் கோப்பைகளில் கோல் அடித்த முதல் ஆள் ஆகியிருப்பார். ஐந்தோடு நின்றது, மார்த்தாவும் ஐந்துதான்.

இன்னொரு விஷயத்தைச் சொல்லாமல் விட முடியாது. முட்டி. 23 வருடம் ஆடியவர் கதையை மட்டும் பார்த்துவிட்டு எல்லோருக்கும் அப்படி அமையும் என்று நினைத்துவிடக் கூடாது. ஏசிஎல் என்கிற முட்டித் தசைநார் கிழிவது பெண்களுக்கு ஆண்களைவிட அதிகம், இது உறுதி, பல ஆய்வுகள் ஒரே மாதிரி சொல்கின்றன. ஏன் என்பதில்தான் குழப்பம். இடுப்பு அமைப்பு, ஹார்மோன், ஆண்கள் பாதத்துக்கு அளவெடுத்துச் செய்த பூட்ஸ், மோசமான மைதானம், சின்ன வயதில் ஜிம் பயிற்சி கிடைக்காதது என்று ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள், நிபுணர்களே இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. இங்கிலாந்தின் ஆர்சனல் அணியில் 2022 நவம்பரிலிருந்து 2023 மே வரை பெத் மீட், மீடமா, வில்லியம்சன், வீன்ராய்தர் என்று நான்கு பேர் வரிசையாக இதே காயத்தில் விழுந்தார்கள், அதில் முதல் இரண்டு பேர் முன்கள ஆட்டக்காரர்கள். 2018-இல் பெண்களுக்கான முதல் பாலோன் தோர் (உலகின் சிறந்த ஆட்டக்காரர்) விருதை வாங்கிய நார்வேயின் அடா ஹெகர்பெர்க் 2020 ஜனவரியில் முட்டி போய், பிறகு காலெலும்பிலும் விரிசல் விட்டு, 20 மாதத்துக்கு மேல் மைதானத்துக்கே வரவில்லை. திரும்பி வந்து 2022 சாம்பியன்ஸ் லீக் இறுதியில் கோல் அடித்தார், அது அவர். நடுவில் நின்றுபோன பெண்கள் எத்தனை பேர் என்று யாரும் பட்டியல் போடுவதில்லை. என்னிடம் பயிற்சி எடுத்த பிள்ளைகளிலேயே முட்டிக்காகப் பூட்ஸைக் கழற்றி வைத்தவர்கள் இருக்கிறார்கள்.

இப்போது நிலைமை மாறியிருக்கிறதா? மேல் மட்டத்தில் மாறியிருக்கிறது, வேகமாகவே. 2025 ஜூலையில் கனடாவின் ஒலிவியா ஸ்மித்தை லிவர்பூலிலிருந்து ஆர்சனல் வாங்கியது, பத்து லட்சம் பவுண்டுக்கு. அதற்கு முன் எந்தப் பெண் ஆட்டக்காரிக்கும் அவ்வளவு தொகை கொடுத்ததில்லை. அவரும் ஃபார்வர்டுதான், அப்போது வயது 20. சின்க்ளேர் அதே வயதில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தார். அதே 2025-இல் கனடாவுக்கு முதன்முறையாகச் சொந்தமாக ஒரு தொழில்முறைப் பெண்கள் லீக் வந்தது, ஆறு அணிகள், குறைந்தபட்சச் சம்பளம் 50,000 கனடிய டாலர். அமெரிக்க லீக்கிலும் 6,000 டாலர் காலம் முடிந்துவிட்டது. இந்தக் கிளப் சம்பளம் வந்துவிட்டதால்தான் 190-ஐ இனி யாராவது தொடுவார்களா என்பது எனக்குச் சந்தேகம்: கிளப்புகள் ஆட்டக்காரியை விட்டுக்கொடுக்காது, தேசிய கோச்சுகளும் குட்டி அணிகளுக்கு எதிராக மூத்தவர்களுக்கு ஓய்வு கொடுக்கிறார்கள். நெதர்லாந்தின் மீடமா நூறாவது கோலை 2025-இல், 29 வயதை நெருங்கும்போது அடித்தார். முட்டி ஒத்துழைத்தால்கூட அங்கிருந்து அவருக்கு இன்னும் 90 வேண்டும்.

நம் ஊரில் பெண்கள் கால்பந்தை வைத்துப் பிழைப்பவர்களில் பெரும்பாலோர் விளையாட்டு ஒதுக்கீட்டு வேலையில்தான் இருக்கிறார்கள். ஸ்காட்லாந்தின் ரேஞ்சர்ஸ் வரை போய் ஆடிய பாலா தேவி மணிப்பூர் போலீஸ்காரர், நம் கடலூர் இந்துமதி தமிழ்நாடு காவல்துறையில் எஸ்.ஐ. கிளப் சம்பளத்தை மட்டும் நம்பி ஒரு வீட்டை நடத்துவது இன்றைக்கு இங்கே மிகச் சிலருக்குத்தான் சாத்தியம். அதனால் உங்கள் அண்ணன் மகள் விஷயத்தில் என் பதில்: ஆடட்டும், முழு மனதோடு ஆடட்டும், ஆனால் ஆட்டத்துக்காகப் படிப்பை விடுவது வேண்டாம். கல்லூரியில் ஒதுக்கீட்டு இடம், அப்புறம் துறை வேலை, அதோடு லீக் ஆட்டம் என்ற வழி இருக்கிறது. அதைவிட மேலே போனால் சந்தோஷம்.

ஒன்பதாவது படிக்கும் வயதில் அவள் செய்ய வேண்டியது இரண்டு. ஒன்று, பலவீனமான காலால் தினமும் சுவரில் அடித்து வாங்கிப் பழகுவது, இதற்குக் கோச் கூடத் தேவையில்லை. இரண்டு, 11 பிளஸ் என்று ஃபிஃபா இலவசமாக வெளியிட்டிருக்கும் வார்ம் அப். இருபது நிமிடம், மெதுவான ஓட்டம், ஒற்றைக்காலில் நின்று சமநிலை, பிளாங்க், முட்டி போட்டு நிமிர்ந்திருந்து உடம்பை முன்னால் சாய்க்கும் தொடைப் பயிற்சி, குதித்து முட்டி உள்ளே மடங்காமல் இறங்குவது, கடைசியில் வேக ஓட்டம். நார்வேயில் 13 முதல் 17 வயதுப் பெண்களிடம் செய்து 2008-இல் வெளியான ஆய்வில் இதைச் செய்த அணிகளில் காயங்கள் மூன்றில் ஒரு பங்கு போலக் குறைந்தன. பள்ளி பி.இ.டி. மாஸ்டரிடம் கேட்டுப் பாருங்கள், இரண்டு ரவுண்டு ஓடவிட்டு நேராக மேட்ச் வைக்கிறவராக இருந்தால், அவள் அரை மணி நேரம் முன்னால் போய்த் தனியாகவே இதைச் செய்துகொள்ளட்டும். வாரம் இரண்டு மூன்று முறையாவது.